ஒரு சுழி வித்தியாசம்: படத்தை வைத்துப் பூச்சியின் பெயரைக் கண்டுபிடித்தல்

‘இது என்ன பூச்சி?’ என்று ஒரு படத்தைப் போட்டுக் கேட்டால் சில நிமிடங்களில் மூன்று பதில்கள் வந்துவிடும். ஒருவர் தேனீ என்பார். இன்னொருவர் குளவி என்பார். மூன்றாமவர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, வாயில் நுழையாத அறிவியல் பெயர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார். மூவர் சொன்னதும் தவறாக இருக்கக்கூடும். அது ஈயாக இருந்தால்?

படத்தோடு படத்தைப் பொருத்திப் பார்த்து, ‘இதைப் போலவே இருக்கிறதே’ என்று சொல்வதுதான் பெயர் கண்டுபிடிக்கும் வழி என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால் வரும் குழப்பம் இது. பறவைகளுக்கு அந்த வழி ஓரளவு ஒத்துவரும். உலகத்தில் இருக்கும் பறவைகளே ஏறக்குறைய 11,000 வகைதான். பூச்சிகளில் பெயர் வைக்கப்பட்டவை மட்டும் சுமார் 10 லட்சம். அவற்றில் வண்டுகள் மட்டுமே 4 லட்சத்தை நெருங்கும். இத்தனை பெரிய கூட்டத்தில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதில் வியப்பில்லை. பத்துப் பூச்சிகளைப் பார்த்தால் அதில் சிலவற்றுக்காவது அச்சு அசலான ‘இரட்டையர்’ இருக்கும்.

## மனமா, மணமா?

கையால் எழுதிய ஒரு தாளில் ஒரு சொல் மீது தண்ணீர் பட்டுவிட்டது. முதல் எழுத்து ‘ம’ தெரிகிறது. கடைசி ‘ம்’ தெரிகிறது. நடுவில் இருப்பது இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்பதுதான் கலைந்துவிட்டது. மனமா, மணமா? மற்ற எழுத்துகள் அச்சில் வார்த்தது போலிருந்தும் பயனில்லை. முடிவு சொல்ல வேண்டிய சுழி போய்விட்டது.

பூச்சிகளிலும் இப்படித்தான். உடல் முழுதும் ஒத்திருக்கும். இறக்கை நரம்பின் ஒரு வளைவிலோ, காலில் இருக்கும் ஒரு முள்ளிலோ மட்டும் வேறுபாடு இருக்கும். ஒரு பூச்சியை அதன் நெருங்கிய உறவிலிருந்து பிரித்துக் காட்டும் உடற்பகுதியை அடையாளக் கூறு என்பார்கள். படம் கூர்மையாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அடையாளக் கூறு படத்துக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அட்டைப்படத்துக்கு ஏற்ற அழகான படம் பெயர் சொல்ல உதவாமல் போவதும், மங்கலான படம் ஒன்று உடனே பெயரைக் காட்டிக்கொடுப்பதும் இதனால்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாகப் பறக்கும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி, அறிவியல் பெயர் டானாஸ் கிரிசிப்பஸ். அதன் புழு எருக்குக் குடும்பச் செடிகளைத் தின்று வளர்வதால் உடலில் நஞ்சு தங்கிவிடுகிறது. பறவைகள் அதைத் தொடத் தயங்கும். நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சி, ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ், இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதன் பெண் பூச்சி வெந்தய வரியனைப் போலவே ஆரஞ்சு உடையும் கருத்த முனையும் வெள்ளைப் பட்டையுமாகத் திரியும். இரண்டையும் பிரிப்பது பின்னிறக்கை. வெந்தய வரியனின் பின்னிறக்கை நடுவில் கரும்புள்ளிகள் மூன்று இருக்கும், ஆணுக்கு நான்கு. மற்றதற்கு முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளி. முன்னிறக்கை பின்னிறக்கையை மூடியிருக்கும் நேரத்தில் எடுத்த படம் எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் சுழி அழிந்த சொல்தான்.

## தெரு வரை தெரிந்தால் தெருவோடு நிறுத்தலாம்

உயிரினங்களின் பெயர் ஒரு முகவரியைப் போல் அடுக்கடுக்காக இருக்கும். ஊர், பகுதி, தெரு, கதவு எண் என்று போவது போல, பூச்சிகள் என்ற வகுப்புக்குள் வரிசை, அதற்குள் குடும்பம், அதற்குள் பேரினம், கடைசியில் சிற்றினம். ஏழு புள்ளிப் பொறிவண்டை எடுத்துக்கொண்டால்: வரிசை கோலியாப்டெரா (வண்டுகள்), குடும்பம் காக்சினெல்லிடே (பொறிவண்டுகள்), பேரினம் காக்சினெல்லா, சிற்றினம் காக்சினெல்லா செப்டெம்பங்டேட்டா. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு அந்த ஆண்டையே தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

‘பெயர் தெரிந்தது’ என்றால் சிற்றினம் தெரிந்தது என்றுதான் புதியவர்கள் எண்ணுகிறார்கள். அங்கேதான் பிழை நுழைகிறது. தெரு வரை தெரிந்து கதவு எண் தெரியாதபோது ஏதோ ஒரு எண்ணை எழுதினால், கடிதம் தவறான வீட்டுக்குப் போகும். தெருவோடு நிறுத்தியிருந்தால் தபால்காரர் விசாரித்தாவது கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். படத்தில் இருக்கும் சான்று குடும்பம் வரைதான் கொண்டுபோகிறது என்றால், குடும்பத்தின் பெயர்தான் அந்தப் படத்துக்குச் சரியான விடை. அதை அரைகுறை விடையாகக் கருத வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெயர் என்பது படிப்படியான முகவரி. ஒவ்வொரு படிக்கும் ஒரு அடையாளக் கூறு தேவை. எந்தப் படியில் கூறு தென்படவில்லையோ, அதற்கு முந்திய படியில் நின்றுவிட வேண்டும்.

## முதல் படி: எந்த வரிசை?

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ண வேண்டியவை சில உண்டு. முதலில் கால்கள். ஆறு கால், தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு, தலை–மார்பு–வயிறு என மூன்று பகுதி உடல் என்றால் வளர்ந்த பூச்சி. எட்டுக் கால் என்றால் சிலந்தியோ அதன் உறவோ. இது யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் எறும்பைப் போல வேடமிடும் சிலந்திகள் முன்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் ஆறு கால், இரண்டு கொம்பு என்றே படும். பெரிய வட்டமான முன்கண்கள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து இறக்கை. இதில்தான் பெரும்பாலான குழப்பம் தீர்கிறது, பெரும்பாலான குழப்பம் தொடங்கவும் செய்கிறது.

வண்டுகளின் முன்னிறக்கைகள் கெட்டியான மூடிகளாக மாறியிருக்கும். இரண்டு மூடிகளும் முதுகின் நடுவில் நேர்கோட்டில் சேரும். வண்டு போலவே தோன்றும் நாவாய்ப்பூச்சிகளில், அதாவது கேடயப்பூச்சி போன்றவற்றில், அந்த நேர்கோடு இருக்காது. முன்னிறக்கைகளின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தோளுக்குக் கீழே முக்கோண வடிவத் தகடு ஒன்று எடுப்பாகத் தெரியும். சில நாவாய்ப்பூச்சிகளில் அந்தத் தகடு பெரிதாகி முதுகு முழுவதையும் மூடிவிடும். அப்போது வாயைப் பார்க்க வேண்டும். வண்டுக்குக் கடிக்கும் தாடை. நாவாய்ப்பூச்சிக்கு மார்பின் அடியில் மடிந்து கிடக்கும் ஊசிக்குழல். பக்கவாட்டுப் படம் இல்லாமல் அது தெரியாது.

ஈக்களும் கொசுக்களும் அடங்கிய வரிசைக்கு இறக்கை ஒரு ஜோடிதான். பின்னிறக்கைகள் சுருங்கி, சின்னத் தீக்குச்சி போன்ற இரண்டு உறுப்புகளாகிவிட்டன. பறக்கும்போது உடல் சாய்வதை உணர்ந்து சமன்செய்ய உதவுவதால் அவற்றைச் சமநிலை உறுப்பு என்பார்கள். தேனீ, குளவி, எறும்பு வரிசையில் இறக்கை உள்ளவற்றுக்கு இரண்டு ஜோடி. ஆனால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் மாட்டப்பட்டிருப்பதால் படத்தில் ஒரே ஜோடி போலத்தான் தெரியும். ஆகவே தேனீயா, தேனீ வேடமிட்ட மலர் ஈயா என்று பார்க்க இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். முகத்தையும் பார்க்க வேண்டும். மலர் ஈக்கு உணர்கொம்பு மிகக் குட்டை, கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். தேனீக்கு உணர்கொம்பு நீண்டு முழங்கை போல மடிந்திருக்கும், கண்கள் பக்கவாட்டில் நீள்வட்டமாக இருக்கும். பின்காலில் மகரந்த உருண்டை இருந்தால் அது மலர் ஈ இல்லை. எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற மலர் ஈ தேனீயின் உடையை அவ்வளவு அச்சாக அணிந்திருக்கும். தேனீ பற்றிய செய்திகளுக்கு அதன் படத்தைப் போட்டுவிடுவது அச்சு ஊடகத்துக்கும் இணையத்துக்கும் பொதுவான பழக்கம்.

கொசுவின் பூதம் போல, உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்து விளக்கருகே சுற்றும் பூச்சியைக் கண்டு பயப்படுபவர்கள் உண்டு. அது கிரேன் ஈ. கடிக்க அதற்கு ஊசிக்குழல் கிடையாது. மார்பின் மேல் ‘வி’ வடிவக் கோடு ஒன்று தெரியும். கொசுவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு, இறக்கை நரம்புகளின் மேல் செதில்கள் இருக்கும்.

தும்பிகளில் அதிகம் சிக்கல் இல்லை. அமரும்போது இறக்கையை விரித்து வைப்பது தட்டான், உடலோடு சேர்த்து மடித்து வைப்பது பெரும்பாலும் ஊசித்தட்டான். இரவில் விளக்கடியில் ஊசித்தட்டான் போல ஒன்று வந்து உட்கார்ந்து, அதற்கு நுனி தடித்த நீண்ட உணர்கொம்பும் இருந்தால், அது மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழிநரியின் வளர்ந்த பருவம். தும்பிகளின் உணர்கொம்பு மயிர் போல் சிறியது. வெட்டுக்கிளிக் கூட்டத்தில் உணர்கொம்பு உடலைவிடக் குட்டையா, நீளமா என்பதே முதல் பிரிவு. வண்ணத்துப்பூச்சிக்கு உணர்கொம்பின் நுனி குமிழ் போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். பகலில் பறப்பது, வண்ணமாக இருப்பது எல்லாம் இதற்கு அளவுகோல் இல்லை.

புழுப் பருவத்துக்கும் ஒரு எண்ணிக்கை உதவும். இலையைத் தின்னும் எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சியாகவோ அந்தாகவோ மாறுவதில்லை. குளவிகளின் உறவான ரம்ப ஈக்களின் புழுக்களும் அதே தோற்றம்தான். மார்பில் உள்ள மூன்று ஜோடி உண்மைக் கால்களை விட்டுவிட்டு, வயிற்றுப் பகுதியில் சதைக்கால்கள் எத்தனை ஜோடி என்று எண்ண வேண்டும். ஐந்தும் அதற்குக் குறைவும் என்றால் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்து. ஆறும் அதற்கு மேலும் என்றால் ரம்ப ஈ. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இதை எண்ணவே முடியாது.

## கண்ணை ஏமாற்றும் மூன்று

நிறம், புள்ளிகளின் எண்ணிக்கை, அளவு. புதியவர்கள் முதலில் பார்ப்பது இந்த மூன்றையும்தான். அனுபவம் உள்ளவர்கள் கடைசியில் பார்ப்பதும் இவற்றைத்தான்.

ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பொறிவண்டு கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது; செடிப்பேனைக் கட்டுப்படுத்த வேறு கண்டங்களில் விடப்பட்டுப் பரவிவிட்டது. ஒரே சிற்றினத்துக்குள் சிவப்பில் கரும்புள்ளி, ஆரஞ்சில் புள்ளியே இல்லாதது, கருப்பில் சிவப்புப் புள்ளி என்று பல உடைகள். ‘எத்தனை புள்ளி’ என்று எண்ணிப் பெயர் தேடினால் ஒரே வண்டுக்கு ஐந்து பெயர் வரும். புள்ளிகளின் எண்ணிக்கை வயதைக் காட்டும் என்பதும் வெறும் கதை.

ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சி போலத் தெரிவதும் சாதாரணம். முன்னே சொன்ன ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸின் ஆண், கருப்பு இறக்கையில் வட்ட வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண்ணோடு அதை யாரும் சேர்த்து எண்ண மாட்டார்கள். பருவமும் நிறத்தை மாற்றும். மெலனைட்டிஸ் லெடா என்ற வண்ணத்துப்பூச்சியின் இறக்கை அடிப்புறத்தில் மழைக்காலத்தில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் அவை மறைந்து, காய்ந்த சருகு போலாகிவிடும். கூட்டிலிருந்தோ தோலுரித்தோ அப்போதுதான் வெளிவந்த பூச்சிகள் பல வெளிறித்தான் இருக்கும். தட்டான்களுக்கு முழு நிறம் ஏறச் சில நாட்களாவது ஆகும்.

அளவைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. சின்ன ஈயைப் பார்த்து ‘இது குட்டி ஈ’ என்பார்கள். இறக்கை முழுதாக வந்து பறக்கும் பூச்சி அதற்கு மேல் வளராது. வளர்ச்சியெல்லாம் புழுவாகவோ இளம்பூச்சியாகவோ இருந்த காலத்தோடு முடிந்துவிட்டது. 3 மி.மீ. நீளமுள்ள ஈ, 8 மி.மீ. நீளமுள்ள ஈயின் பிள்ளை இல்லை, வேறொரு வகை. அதே சமயம், புழுப் பருவத்தில் சரியாகத் தீனி கிடைக்காத வண்டு தன் இனத்தின் வழக்கமான அளவைவிடச் சிறியதாகவே வெளிவரும். அதனால் அளவைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது.

## சுழி விழும்படி படம் எடுப்பது

எந்தக் கேமரா என்பதைவிட எந்தக் கோணம் என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது. ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதற்குப் பதில் நான்கு கோணத்தில் நான்கு படம் எடுப்பது மேல்.

முதல் படம் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து. அழகுக்காக இல்லை, நெருங்கும்போது பறந்துவிட்டால் கையில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். பிறகு தாழ்வாக, மெதுவாக, நிழல் பூச்சியின் மேல் விழாதபடி நெருங்க வேண்டும். பூச்சிகள் திடீர் அசைவுக்கும் ஒளி குறைவதற்கும்தான் பறக்கின்றன. அதிகாலைக் குளிரில் உடல் சூடேறாமல் இருக்கும் நேரம் மிக வசதி. (குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அசையாமல் ஆக்கிப் படம் எடுப்பவர்கள் உண்டு. காட்டில் எப்படி உட்கார்ந்திருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்ற தகவல் எல்லாம் அதோடு போய்விடும், பூச்சிக்கும் கேடு.)

எடுக்க வேண்டிய கோணங்கள்: நேர் மேலிருந்து, நேர் பக்கவாட்டில், நேர் முகத்தில். நான்காவது, கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கையின் இரண்டு பக்கமும் வேண்டும். மூடியிருக்கும்போது அடிப்புறம், விரிக்கும்போது மேற்புறம். ஈக்கும் குளவிக்கும் இறக்கை நரம்புகள் தெரிய, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி ஒரு படம். தட்டானுக்கு மார்பின் பக்கக் கோடுகளும், வயிற்று நுனியில் உள்ள கொடுக்கு போன்ற உறுப்புகளும். வண்டுக்கு உணர்கொம்பின் வடிவமும் பாதங்களும். வெட்டுக்கிளிக்குக் கழுத்துத் தகட்டின் பக்கத் தோற்றமும் பின்தொடையின் உள்பக்கமும்.

படம் கலங்குவதற்கு முதல் காரணம், கூர்மை ஆழம் குறைவாக இருப்பது. லென்ஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே தெளிவாக விழும். அந்த அடுக்கின் தடிமன்தான் கூர்மை ஆழம். முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு உணரி உள்ளது) பூச்சியின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும் மேக்ரோ படத்துக்கு, லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவில் வைத்தால் அது சுமார் 1 மி.மீ.தான். துளையை இன்னும் சிறிதாக்கி எஃப்/16 வைத்தால் ஏறக்குறைய 2 மி.மீ. பூச்சி சாய்வாக இருந்தால் கண் தெளிவாகவும் வயிறு புகையாகவும் வருவது இதனால்தான். கேமராவின் பின்பக்கம் பூச்சியின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால், அதே 1 மி.மீ.க்குள் முதுகு முழுதும் அடங்கிவிடும்.

கைபேசியில் கூர்மை ஆழம் தாராளம். அங்கே தொல்லை வேறு. பூச்சியை விட்டுப் பின்னால் இருக்கும் புல்லைக் கூர்மையாக்கிவிடும். அதற்கு ஒரு எளிய வழி: பூச்சி இருக்கும் தூரத்திலேயே பக்கத்தில் உள்ளங்கையை நீட்டி, திரையில் கையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் கூர்மையைப் பூட்டிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். மிக அருகே போனாலும் படம் கலங்கும். பல கைபேசிகளின் முதன்மை லென்ஸ் 10 செ.மீ.க்குள் கூர்மை பிடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. திரையை விரித்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை. முகத்தை அழகாக்கும் வடிகட்டிகளையும் தானாகக் கூர்மையாக்கும் வசதிகளையும் அணைத்துவிடலாம். அவை இல்லாத மயிரை வரையும், இருக்கும் புள்ளியை அழிக்கும்.

காற்றில் செடி ஆடினால் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொள்ளலாம். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பளபளக்கும் வண்டுக்கு நேரடி ஃப்ளாஷ் போட்டால் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்து, பார்க்க வேண்டிய நுண்குழிகள் மறைந்துவிடும். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தால் ஒளி பரவும். வெள்ளைப் பூவின் மேல் கருத்த பூச்சி என்றால் பூவை விட்டுப் பூச்சியின் மேல் ஒளியை அளக்க வேண்டும்.

அளவுக்கு, பூச்சி உட்கார்ந்திருக்கும்போது அளவுகோலை நீட்டினால் ஓடிவிடும். அது போன பிறகு, அதே இலையில் அதே இடத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்தால் போதும். இலை நரம்புகளை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பூச்சியின் நீளம் என்பது தலையின் முன்விளிம்பிலிருந்து வயிற்று நுனி வரை. உணர்கொம்பும் வாலிழைகளும் கணக்கில் வராது. அடர்ந்த முடியுள்ள புழுக்களையும், தொட்டால் கொப்புளம் எழுப்பும் திரவம் கசியும் கொப்புள வண்டுகளையும் படத்துக்காக வெறுங்கையால் திருப்பிப் போட வேண்டாம்.

சுருக்கமாக: மேல், பக்கம், முகம், அந்தக் கூட்டத்துக்கே உரிய நான்காவது கோணம், அளவுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து.

## சொல்லுக்கு முன்னும் பின்னும்

கலைந்த சொல்லுக்கு முன்னால் ‘மல்லிகையின்’ என்று எழுதியிருந்தால், அது மணம்தான் என்று ஊகித்துவிடலாம். பூச்சிக்கு அந்த ‘மல்லிகை’ போன்றவை இடம், நாள், செடி. ஒத்த தோற்றமுள்ள இரண்டு சிற்றினங்களில் ஒன்று அந்த நிலப்பகுதியில் இதுவரை காணப்படாதது என்றால், மற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். புழுக்களுக்குச் செடி இன்னும் முக்கியம். பல புழுக்கள் ஒரு சில செடிகளைத் தவிர வேறெதையும் தொடாது என்பதால், செடியின் பெயர் தெரிந்தாலே பட்டியல் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுவது உண்டு. எனவே இலை, பூ, தண்டு தெரியச் செடிக்கும் தனியாக ஒரு படம் வேண்டும். பூச்சி அந்தச் செடியைத் தின்றுகொண்டிருந்ததா, வெறுமனே உட்கார்ந்திருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆனால் சூழல் தருவது ஊகம், சான்று இல்லை. ‘மல்லிகையின் மனம்’ என்று ஒரு கவிஞர் எழுதியிருக்கவும் கூடுமே! பூச்சிகள் புதிய இடங்களுக்குப் பரவுகின்றன. கப்பலிலும் நாற்றுகளிலும் பயணிக்கின்றன. இடத்தை வைத்து மட்டுமே பெயர் வைத்தால், புதிதாக வந்ததை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நாளும் இடமும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் பெரும்பாலும் நீக்கப்படும், படமும் சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பே போகும். திரைப்பிடிப்பு எடுத்தால் அதில் இருப்பது திரையைப் பிடித்த நாள், பூச்சியைப் பார்த்த நாள் இல்லை. தனிக் கேமராவில் கடிகாரம் தவறாக இருந்தால் ஒரு பருவமே இடம் மாறிப் பதிவாகும்.

## செயலி என்ன செய்கிறது?

பெயர் சொல்லும் செயலிகளுக்குள் இருப்பது, பெயரிடப்பட்ட லட்சக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினி நிரல். புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், கற்ற படங்களில் எந்தப் பெயருக்கு உரியவற்றோடு இது அதிகம் ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டுப் பட்டியலிடும். உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, நரம்பைத் தேடி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதில்லை. இதனால் மூன்று விளைவுகள். அதிகம் படமெடுக்கப்பட்ட பூச்சிகளை நன்றாகச் சொல்லும். போதிய படங்கள் இல்லாத சிற்றினம் அதற்கு இல்லாத சிற்றினமே. அதன் படத்தைக் கொடுத்தால், தெரிந்த உறவினர் ஒருவரின் பெயரைத்தான் சொல்ல முடியும். மூன்றாவது, பின்னணியும் கணக்கில் நுழையும். ஒரு பூச்சியின் படங்கள் பெரும்பாலும் ஒரே வகைப் பூவில் எடுக்கப்பட்டிருந்தால், பூவையே சான்றாகக் கொண்டுவிடக்கூடும்.

செயலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது தரும் பட்டியலின் முதல் பெயரை விடையாக எடுத்துக்கொள்ளாமல், பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான படி எது என்று பார்த்தால் நல்ல பயன் கிடைக்கும். எட்டுப் பெயரும் ஒரே குடும்பம் என்றால் குடும்பம் ஏறக்குறைய உறுதி. ஒன்று வண்டு, ஒன்று நாவாய்ப்பூச்சி, ஒன்று கரப்பான் என்று வந்தால் படமே போதவில்லை என்று பொருள். பூச்சி மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி வெட்டிக் கொடுத்தாலே விடை பல நேரம் மேம்படும்.

அடுத்த கட்டம் மனிதர்கள். 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இதற்கு அதிகம் பயன்படும் தளம். நாளும் இடமும் படமும் உள்ள ஒரு பதிவுக்கு, குறைந்தது இருவர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிற்றின அளவில் ஒத்துப்போனால் அது ‘ஆய்வுத் தரம்’ பெறும். பொருத்தமான உரிமத்தோடு இருந்தால் அங்கிருந்து ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உலகளாவிய தரவுத்தொகுப்புக்கும் போகும். பெரிய ஓட்டையும் இங்கேதான். யாரோ ஒருவர் பெயர் சொன்னதும், படம் எடுத்தவர் நன்றி சொல்வதாக எண்ணி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார். இரண்டு பேர் சொன்னதாகக் கணக்காகிறது. உண்மையில் பார்த்தவர் ஒருவர்தான். நன்றியைக் கருத்துப் பெட்டியில் சொல்லலாம். அந்தப் பெயருக்கான அடையாளக் கூறு எது என்று கேட்டு, தன் படத்தில் அதைத் தானே பார்த்த பிறகு பொத்தானைத் தொடுவதே முறை.

## படம் எட்டாத இடம்

சில கூட்டங்களில் எவ்வளவு நல்ல படமும் பேரினத்தைத் தாண்டாது. சிறிய ஈக்களிலும் சிறு அந்துப்பூச்சிகளிலும் பல சிற்றினங்களைப் பிரிக்கும் கூறு, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். நுண்ணோக்கியின் கீழ் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னும் சிலவற்றில் வெளியே எந்த வேறுபாடும் இல்லாமல் மரபணுவில் மட்டும் பிரிவு இருக்கும். ஆஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜரேட்டர் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி, உண்மையில் பத்துச் சிற்றினங்களின் கூட்டம் என்று கோஸ்டா ரிகாவில் செய்த மரபணு ஆய்வு 2004-இல் முன்வைத்தது. பத்து என்ற எண்ணிக்கை பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வளர்ந்த பூச்சிகள் ஒன்றைப் போல ஒன்று இருந்தாலும், அவற்றின் புழுக்கள் நிறத்திலும் தின்னும் செடியிலும் வேறுபட்டன. வளர்ந்த பூச்சியின் படம் சொல்லாததைப் புழுவும் செடியும் சேர்ந்த படம் சொல்லியிருக்கிறது.

ஆகவே பேரினத்தோடு நிற்கும் பதிவை அழித்துவிடக் கூடாது. அந்தக் கூட்டத்தைத் திருத்தி எழுதும் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரிடுவது அடிக்கடி நடக்கிறது. அவருக்கு உதவும் குறிப்பு ஒன்றிரண்டு வரிகள்தான்: நீளம் எத்தனை மில்லிமீட்டர், எந்தச் செடி, அங்கே என்ன செய்துகொண்டிருந்தது, பகலா விளக்கொளியா, எந்தக் கோணங்கள் கைவசம் உள்ளன, எது கிடைக்கவில்லை. ‘முகம் எடுக்க முடியவில்லை, பறந்துவிட்டது’ என்று எழுதி வைத்திருந்தால், அவர் அந்தப் படத்தைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.